மின்னணுப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. நிரலால் இயங்கும் சிறு கணினிச் சிப்பான மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு முனையில் மின்னழுத்தம் ஏறும்போது (1) இன்னொரு முனையில் இறங்க (0) வேண்டும். அதுவும் நேரம் பிசகாமல் நடக்க வேண்டும். எனவே அந்த ஐந்துக்கும் ஒரே இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: அர்டுயினோ ஊனோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் பலகையும் எல்298என் மோட்டார் டிரைவர் பலகையும் கொண்டு, தெர்மோகோல் உருண்டையை மீயொலியால் அந்தரத்தில் நிறுத்தும் கருவி ஒன்றைச் செய்துவருகிறேன். டிஜிட்டல்ரைட் கட்டளையால் 8-ஆம் முனையை ஏற்றி, 9-ஆம் முனையை இறக்கி, 12 மைக்ரோவிநாடி காத்திருந்து, பிறகு இரண்டையும் மாற்றுகிறேன். 40 கிலோஹெர்ட்ஸ் வர வேண்டும். ஆனால் உருண்டை ஒரு கணம்கூட நிற்கவில்லை. கல்லூரி ஆய்வகத்து ஆஸிலாஸ்கோப்பில் பார்த்தபோது இரண்டாம் அலை முதல் அலைக்குப் பின்தங்கி வருவது தெரிந்தது. என்ன காரணம்? — வாசகர், விருதுநகர்

பதில்: காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிட்ட நீங்கள், எழுதுவதற்கு ஆகும் நேரத்தை விட்டுவிட்டீர்கள். 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஊனோவின் ஒரு கடிகாரத் துடிப்பு 62.5 நானோவிநாடிதான். ஆனால் டிஜிட்டல்ரைட், நீங்கள் கேட்ட முனை எந்தப் போர்ட்டைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது பிட், அதன்மேல் ஏதேனும் டைமர் (துடிப்புகளை எண்ணும் உள்சுற்று) ஓடுகிறதா என்றெல்லாம் அட்டவணையில் தேடிப் பார்த்து, குறுக்கீடுகளை (ஓடும் நிரலை இடைமறிக்கும் வேலைகளை) சற்று நிறுத்திவைத்து, அதன் பிறகே முனையைத் தொடுகிறது. இதற்கு ஏறக்குறைய 4 மைக்ரோவிநாடி செலவாகிறது. இரண்டு முனைகளுக்கு 8, காத்திருப்புக்கு 12, ஆக அரை அலைக்கு 20, முழு அலைக்கு 40 மைக்ரோவிநாடி. அதாவது உங்கள் கருவி 25 கிலோஹெர்ட்ஸில் ஓடுகிறது. 40 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிர்வதற்கென்றே செய்யப்பட்ட டிரான்ஸ்டியூசர் (மின்னலையை மீயொலியாக்கும் சிறு ஒலிப்பான்) 25-இல் பேருக்குத்தான் அசையும். இரண்டு அதிர்வெண்களுமே காதுக்கு எட்டாதவை என்பதால், தவறு நடப்பதைக் கேட்டு அறியவும் வழியில்லை.

திரையில் நீங்கள் கண்ட பின்தங்கல் அதே 4 மைக்ரோவிநாடிதான். அந்த நேரத்தில் எல்298என்னின் இரண்டு உள்ளீடுகளும் ஒரே நிலையில் இருப்பதால், டிரான்ஸ்டியூசரின் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்தமே இராது. இரு கால்களையும் எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்படி) இயக்கினால் உச்சிக்கு உச்சி மின்னழுத்தம் இரண்டு மடங்காகிறது என்பதற்காகத்தானே இவ்வளவு பாடும். அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி இப்படிக் கரைந்துபோகிறது. போதாக்குறைக்கு, அர்டுயினோவின் மில்லிஸ் என்னும் நேரக் கணக்கை நடத்தும் டைமர்0 ஒவ்வொரு 1.024 மில்லிவிநாடிக்கும் குறுக்கிட்டுச் சில மைக்ரோவிநாடிகளை எடுத்துக்கொள்ளும். அலையின் விளிம்பு அவ்வப்போது துள்ளுவதையும் நீங்கள் பார்த்திருக்கக்கூடும்.

இங்கே இரண்டு தனித்தனிக் குறைகள் கலந்து கிடக்கின்றன. இரு அலைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பது ஒன்று. இரண்டும் சேர்ந்தே காலம் தவறுவது மற்றொன்று. முதல் குறையை மட்டும் ஒரே வரியில் தீர்க்கலாம். ஊனோவில் உள்ள ஏ.டி.மெகா328பி சிப்பில், பின்பி என்னும் பதிவகத்தில் (சிப்புக்குள் எண்ணை எழுதிவைக்கும் சிறு இடத்தில்) ஒரு பிட்டுக்கு 1 எழுதினால், அதற்குரிய முனை இருந்த நிலையிலிருந்து எதிர்நிலைக்கு மாறும். முதலில் ஒரு முனையை 1 ஆகவும் மற்றதை 0 ஆகவும் வைத்துவிட்டு, இரண்டு பிட்டுகளையும் ஒரே கட்டளையில் எழுதினால், இரண்டும் ஒரே கடிகாரத் துடிப்பில் புரண்டுவிடும். பழைய ஏ.டி.மெகா8 சிப்பில் இந்த வசதி கிடையாது. அதை வைத்துக்கொண்டு யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் குறுக்கீடு வந்தால் இரு அலைகளும் சேர்ந்தே தள்ளாடும் என்ற இரண்டாம் குறை அப்படியே இருக்கும்.

ஆகவே நேரம் காக்கும் வேலையை நிரலிடமிருந்து பிடுங்கி, வன்பொருளிடம் கொடுத்துவிடுங்கள். கம்பிகளை 9, 10 ஆகிய முனைகளுக்கு மாற்றுங்கள். அவை இரண்டும் 16 பிட் கொண்ட டைமர்1-க்கு உரியவை. அந்த டைமரை, 0 முதல் ஓர் உச்சம் வரை ஏறி, பிறகு இறங்கிவரும் முறையில் ஓடவிட்டு, உச்சத்தைக் குறிக்கும் ஐசிஆர்1 பதிவகத்தில் 200 என்று எழுதுங்கள். ஏற 200 துடிப்பு, இறங்க 200 துடிப்பு, மொத்தம் 400. 16 மெகாஹெர்ட்ஸை 400 ஆல் வகுத்தால் துல்லியமாக 40 கிலோஹெர்ட்ஸ். அடுத்து, இரு முனைகளும் எந்த எண்ணிக்கையில் மாற வேண்டும் என்பதைக் குறிக்கும் ஓசிஆர்1ஏ, ஓசிஆர்1பி பதிவகங்கள் இரண்டிலும் 100 எழுதி, 9-ஆம் முனையை நேர்முறையிலும் 10-ஆம் முனையைத் தலைகீழ்முறையிலும் அமையுங்கள். எண்ணிக்கை 100-க்குக் கீழே இருக்கும்வரை ஒன்று ஏறியிருக்கும். மேலே இருக்கும்வரை மற்றொன்று ஏறியிருக்கும். ஒரே எண்ணிக்கையை இருவரும் பார்த்து ஆடுவதால், ஊனோவின் செராமிக் ரெசனேட்டர் சற்றே பிசகினாலும் அதிர்வெண்தான் நகருமே தவிர, எதிர்க்கட்டம் குலையாது. நிரலில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் பகுதியை வெறுமையாக விட்டாலும் அலை வந்துகொண்டே இருக்கும்.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அசியர் மார்சோவும் உடன் ஆய்வாளர்களும் 2017-இல் வெளியிட்ட டைனிலெவ் கருவியும், 72 டிரான்ஸ்டியூசர்களை அர்டுயினோ நானோ ஒன்றாலும் எல்298என் பலகை ஒன்றாலும்தான் இயக்குகிறது. ஆகவே உங்கள் பொருள்களில் குறையில்லை. ஆனால் ஒவ்வொரு டிரான்ஸ்டியூசரின் துருவத்தையும் நீங்களே சோதித்துக் குறியிட்டுக்கொள்ளுங்கள். ஒன்று தலைகீழாக இருந்தாலும் அது மற்றவற்றின் உழைப்பைக் கெடுக்கும். 40 கிலோஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர், உருண்டை தங்கும் இடங்கள் அதில் பாதியான 4.3 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமையும். எனவே உருண்டை அதைவிடத் தெளிவாகச் சிறியதாக இருக்கட்டும்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரி, நடுமுனை கொண்ட 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு ஐஆர்எஃப்இசட்44என் மாஸ்ஃபெட்டுகள் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்கள்), ஓர் அர்டுயினோ ஆகியவற்றால் 50 ஹெர்ட்ஸ் இன்வெர்ட்டர் செய்தேன். 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறை இரு முனைகளையும் மாற்றுகிறேன். அலைகள் சரியாக எதிரெதிராகவே உள்ளன. இருந்தும் மாஸ்ஃபெட்டுகள் கொதிக்கின்றன. ரீசெட் பொத்தானை அழுத்தியபோது இரண்டும் வெடித்துவிட்டன. — வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: நடுவே இடைவெளியே இல்லாமல் சரியாக எதிரெதிராக இருப்பதே இங்கே குற்றம். முந்தைய வாசகரின் எல்298என்னில் மேல், கீழ் டிரான்சிஸ்டர்களை ஒரே உள்ளீடு உள்ளுக்குள்ளேயே பிரித்து இயக்குவதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. உங்கள் சுற்றிலோ இரண்டு மாஸ்ஃபெட்டுகளும் ஒரு கணம் சேர்ந்து திறந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, பேட்டரிக்கு முன்னால் மிஞ்சுவது செப்புக் கம்பியின் தடை மட்டுமே.

உங்கள் நிரலை அனுப்பியிருந்தீர்கள். அதில் முதல் அரை அலையில் “ஏ-வை இறக்கு, பி-யை ஏற்று” என்று இருக்கிறது, நல்லது. அடுத்த அரை அலையில் அதே வரிசையில் “ஏ-வை ஏற்று, பி-யை இறக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே சொன்ன 4 மைக்ரோவிநாடி இங்கே எமனாகிறது: விநாடிக்கு 50 முறை, இரண்டு முனைகளும் சேர்ந்து ஏறியிருக்கின்றன. இதன்மேல் இன்னொரு சுமையும் இருக்கிறது. மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் காலான கேட் ஒரு மின்தேக்கி போன்றது. ஐஆர்எஃப்இசட்44என்னின் கேட் சுமார் 60 நானோகூலும் வரை மின்னூட்டம் கேட்கும். அதை 20 மில்லிஆம்பியர் தரும் அர்டுயினோ முனையால் நேரடியாக வடித்தெடுக்க 3 மைக்ரோவிநாடி ஆகும். முனை இறங்கிவிட்டது என்பதால் மாஸ்ஃபெட் மூடிவிட்டது என்று பொருளில்லை. மேலும் இந்த வகை மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்கக் கேட்டில் 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் அது அரைகுறையாகத் திறந்து, சூட்டில் உட்கார்ந்திருக்கும்.

எனவே முனைக்கும் கேட்டுக்கும் நடுவே, கேட்டுக்குப் போதிய மின்னழுத்தமும் மின்னோட்டமும் தரும் ஒரு கேட் டிரைவர் சிப்பை வையுங்கள். பிறகு டைமர்1-ஐ மேற்சொன்ன முறையிலேயே, கடிகாரத்தை 8 ஆல் வகுத்து, உச்சம் 20,000 என்று அமைத்தால் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். இப்போது ஓசிஆர்1ஏ-வில் 5,000, ஓசிஆர்1பி-யில் 15,000 எழுதுங்கள். ஒவ்வொரு மாஸ்ஃபெட்டும் 5 மில்லிவிநாடி திறந்திருக்கும். இடையிடையே 5 மில்லிவிநாடி இரண்டுமே மூடியிருக்கும். பட்டறைகளில் டெட் டைம் என்று சொல்லும் இடைவெளி இதுதான்; இங்கே அதற்கு இன்னொரு பயனும் உண்டு. உச்சத்தை 325 வோல்ட்டாக வைத்தால், பாதி நேரமே இயங்கும் இந்தச் சதுர அலையின் ஆர்.எம்.எஸ். (பயனுறு) மதிப்பு 230 வோல்ட்டாகிறது. வீட்டு மின்சாரத்தின் உச்சமும் ஆர்.எம்.எஸ்.-உம் அதே அளவுதான். இரு பாதிகளும் ஒரே நீளத்தில் இருப்பதும் முக்கியம். ஒரு பக்கம் சற்று நீண்டாலும் டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளகம் ஒருபக்கமாகச் செறிவடைந்து, மின்னோட்டம் மளமளவென ஏறும்.

ரீசெட்டில் வெடித்ததற்குக் காரணம் வேறு. மைக்ரோகண்ட்ரோலர் மறுதொடக்கம் ஆகும்போது அதன் முனைகள் யாருக்கும் கட்டுப்படாமல் மிதக்கின்றன. கேட்டில் தங்கிய மின்னூட்டம் போக வழியின்றி மாஸ்ஃபெட் திறந்தபடியே நிற்கும். ஒவ்வொரு கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோஓம் தடை ஒன்றைப் பற்றவைத்தால் இது தீரும். டிரைவரின் உள்ளீடுகளுக்கும் அவ்வாறே செய்யுங்கள். 13-ஆம் முனையை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்டுக்குக் கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் பூட்லோடர் என்னும் தொடக்க நிரல் அதிலுள்ள எல்.ஈ.டி.யைச் சிமிட்டும். என் முதல் இன்வெர்ட்டரில் அப்படிக் கொடுத்து நான்கு மாஸ்ஃபெட்டுகளைச் சுட்டுத் தின்ற பிறகுதான் நான் இதைக் கற்றுக்கொண்டேன். பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். வெளியீட்டுப் பக்கம் உயிரைக் குடிக்கும் மின்னழுத்தம் என்பதை மறவாதீர்கள்.

ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இன்வெர்ட்டர் ஓடினால் போதும் என்பதுதான் நோக்கம் என்றால், எஸ்ஜி3525 சிப் இந்த வேலை முழுவதையும் நிரலே இல்லாமல் செய்யும். அதன் 5, 7 ஆகிய கால்களுக்கு நடுவே ஒரு தடையை மாற்றினால் இடைவெளி மாறும். கற்பதற்காக என்றால் மட்டும் மைக்ரோகண்ட்ரோலர்.

கேள்வி: எட்டே கால்கள் கொண்ட ஏ.டி.டைனி85 மைக்ரோகண்ட்ரோலரால் இவ்வாறு இடைவெளியுடன் எதிரெதிர் அலைகளைத் தர முடியுமா? — வாசகர், மட்டக்களப்பு

பதில்: ஊனோவைவிட நேர்த்தியாகவே தர முடியும். அதன் டைமர்1-இல் இடைவெளியை உண்டாக்கும் சுற்று தனியாகவே இருக்கிறது. 5, 6 ஆகிய கால்களில் ஓர் அலையும் அதன் தலைகீழும் வெளிவரும். உள்ளே உள்ள 64 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை 8 ஆல் வகுத்து, உச்சத்தைக் குறிக்கும் ஓசிஆர்1சி-யில் 199 எழுதினால் (0 முதல் எண்ணுவதால் 200 துடிப்பு) 40 கிலோஹெர்ட்ஸ். இடைவெளிச் சுற்றுக்கு 4 ஆல் வகுத்த கடிகாரத்தைக் கொடுத்து இருபுறமும் 10 என்று வைத்தால், 625 நானோவிநாடி இடைவெளி கிடைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்தச் சிப்பின் உள்கடிகாரம் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 10 விழுக்காடு வரை விலகியிருக்கலாம். மீயொலிக்கு அது பெரிய விலகல், எனவே அளந்து திருத்திக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமானது, அந்த 5, 6 ஆகிய கால்கள்தான் நிரல் ஏற்றும்போது தரவு போய்வரும் கால்களும். மாஸ்ஃபெட்டுக்குப் பேட்டரி இணைந்திருக்கும்போது நிரல் ஏற்றினால், உங்கள் நிரலே கேட்டுகளைத் தாறுமாறாகத் தட்டும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

கேள்வி: எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் டைமர்1-இன் எதிர்முனை வெளியீட்டை (முதல் அலையின் தலைகீழை) அமைத்தேன். டைமர் எண்ணுகிறது, முனையில் ஒன்றும் வரவில்லை. — வாசகர், ஓசூர்

பதில்: எம்ஓஈ பிட்டை 1 ஆக்கினீர்களா? அதுதான் எல்லா வெளியீடுகளுக்கும் தலைவாசல். பழுது நேரும்போது பிரேக் உள்ளீடு அந்த ஒரு பிட்டை அணைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மூடிவிட வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இந்தச் சிப்புக்கான எச்.ஏ.எல். நிரல் நூலகத்தில் எதிர்முனைக்கென்று தனித் தொடக்கக் கட்டளை உண்டு. அதையும் அழைக்க வேண்டும். 72 மெகாஹெர்ட்ஸில் இடைவெளிப் பதிவகத்தில் 45 எழுதினால் 625 நானோவிநாடி வரும்.

கேள்வி: ஆஸிலாஸ்கோப் வாங்க வசதியில்லை. இடைவெளி இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? — வாசகர், சிவகாசி

பதில்: 24 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 8 தடங்களைப் படிக்கும் மலிவான லாஜிக் அனலைசர் ஒன்று போதும். அது ஏறக்குறைய 42 நானோவிநாடிக்கு ஒருமுறை பார்ப்பதால், 625 நானோவிநாடி இடைவெளியில் 15 மாதிரிகள் விழும். மைக்ரோகண்ட்ரோலரின் இரு முனைகளையும் அதில் இணைத்து, இரண்டும் ஏறியிருக்கும் மாதிரி ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்று இருந்தாலும் பேட்டரியை இணைக்காதீர்கள். ஆனால் அந்தக் கருவி 0, 1 என்று மட்டுமே காட்டும். கேட்டின் மின்னழுத்தம் சரிந்து இறங்குவதை அதில் காண முடியாது. கேட்டுக்கு வரும் 10, 12 வோல்ட்டை அதன் உள்ளீட்டில் கொடுத்தால் கருவியே போய்விடும். ஆகவே முனைகளை அதில் பாருங்கள். கேட்டைப் பார்க்க மட்டும், அருகிலுள்ள பாலிடெக்னிக் ஆய்வகத்தில் ஒரு மதியம் ஆஸிலாஸ்கோப் கேட்டுப் பெறுங்கள்.