உப்புக்குள் எலக்ட்ரான் கணக்கு: கேள்வி பதில்

கேள்வி (ப்ளஸ் ஒன் மாணவி): சார், சோடியம் தன் கடைசி எலக்ட்ரானைக் கொடுக்க ஆசைப்படுகிறது, குளோரின் வாங்க ஆசைப்படுகிறது என்று படித்தோம். உண்மையிலேயே அப்படியா?

பதில்: இல்லைம்மா. சோடியம் சும்மா கொடுக்காது. வாயு நிலையில் உள்ள ஒரு மோல் (அணுக்களை எண்ணும் ஓர் அளவு) சோடியம் அணுக்களிலிருந்து தலா ஒரு எலக்ட்ரானைப் பிரிக்க 496 கிலோ ஜூல் செலவாகும். குளோரின் அதை ஏற்கும்போது 349 கிலோ ஜூல் கிடைக்கும். ஆக, கைமாற்றத்தோடு நிறுத்தினால் 147 கிலோ ஜூல் நஷ்டம்தான்! இதில் திடச் சோடியத்தை ஆவியாக்கவும், குளோரின் மூலக்கூறை உடைக்கவும் ஆகும் செலவைச் சேர்த்தால் நஷ்டம் ஏறக்குறைய 375 ஆகிவிடும்.

வரவு எங்கே என்றால், படிகத்தில். எலக்ட்ரானை இழந்த நேர் அயனிகளும், அதைப் பெற்ற எதிர் அயனிகளும் நெருங்கி அடுக்காக அமரும்போது 787 கிலோ ஜூல் வெளியாகிறது. இதுதான் படிகக்கூடு ஆற்றல். கழித்துப் பாருங்கள், 410-க்குச் சற்று மேல் மிச்சம். சோடியம் குளோரினில் அப்படிப் பளீரென்று எரிவதற்குக் காரணம் இந்த மிச்சம். 1919-ல் பார்ன், ஹேபர் என்ற விஞ்ஞானிகள் போட்டுக் காட்டிய கணக்கு இது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் சேர்ந்தால் அணு நிலைபெறும் என்ற எட்டு எலக்ட்ரான் விதியை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி (அதே மாணவி): அப்படியென்றால் இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்து இன்னும் லாபம் பார்க்கலாமே?

பதில்: நல்ல கேள்வி. சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில் இருக்கிறது. அதை எடுக்க 4,562 கிலோ ஜூல் வேண்டும். எந்தப் படிகமும் அதை ஈடுகட்டாது. மெக்னீசியத்தில் கதை வேறு. முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1,451. மூன்றாவதற்கு 7,700-ஐத் தாண்டும். அதனால் இரண்டோடு நின்றுவிடுகிறது. அந்த இரண்டையும் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டால் மெக்னீசியம் ஆக்சைடு. வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது எலக்ட்ரானை ஏற்க ஆக்சிஜனுக்கே ஆற்றல் கொடுக்க வேண்டும். இந்தச் செலவு எல்லாவற்றையும் ஈடுகட்டுவது படிகம்தான். இரட்டை மின்சுமை என்பதால் பிடிப்பு அவ்வளவு பலம். சோடியம் குளோரைடு 801 டிகிரி செல்சியஸில் உருகும். மெக்னீசியம் ஆக்சைடு உருக ஏறத்தாழ 2,850 டிகிரி வேண்டும். உலைகளின் உட்சுவர்க் கற்களில் அது இருப்பது இதனால்தான்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவரின் அம்மா): ஒரு உப்பு மூலக்கூறை வரைந்து வா என்று பையனுக்கு வீட்டுப்பாடம். எப்படி வரைவது?

பதில்: திட உப்பில் மூலக்கூறு என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். எந்தச் சோடியம் எந்தக் குளோரினுக்குச் சொந்தம் என்று கேட்கவே முடியாது. 1913-ல் பிராக் என்ற இயற்பியலாளர் எக்ஸ் கதிர்களால் இதைக் கண்டறிந்தார். இதை ஏற்க மனம் வராமல் 1927-ல்கூட ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் 'நேச்சர்' இதழுக்குக் காட்டமாக எழுதினார். பையனைச் சதுரங்கக் கட்டம் மாதிரி மாற்றி மாற்றி வரையச் சொல்லுங்கள், அது போதும்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): எங்கள் ஊர் உப்பளத்திலும் எலக்ட்ரான் கைமாறித்தான் உப்பு விளைகிறதா?

பதில்: இல்லை அண்ணாச்சி. கடல்நீரில் இருப்பவை ஏற்கெனவே அயனிகள். வெயிலில் தண்ணீர் வற்றியதும் அவை அடுக்காகச் சேர்கின்றன, அவ்வளவுதான். எலக்ட்ரான் மாற்றம் என்றோ முடிந்த கதை. சொல்லப்போனால், தொழிற்சாலையில் சோடியம் உலோகத்தையே உருகிய உப்பில் மின்சாரம் செலுத்தித்தான் எடுக்கிறார்கள்.

கேள்வி (ப்ளஸ் டூ மாணவர்): உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்று எழுதினால் மார்க் போகுமா?

பதில்: அலுமினியம் குளோரைடைக் கேட்டால் போகும் தம்பி. அலுமினிய அயனி சிறியது, மின்சுமை மூன்று. குளோரைடின் எலக்ட்ரான் மேகத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை, அதாவது எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் தன்மை, நிறைய வந்துவிடும். நீரற்ற அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகிறது, அதாவது உருகாமல் நேரே ஆவியாகிறது. 801 டிகிரி வரை அசையாத உப்போடு ஒப்பிட்டுப் பார். அயனிப் பிணைப்பில் சகப்பிணைப்புத் தன்மை எப்போது கூடும் என்று சொல்லும் ஃபஜான் விதிகளை ஒருமுறை புரட்டு, தேர்வில் அடிக்கடி வரும்.