அமெரிக்கா புரோபேட் கோர்ட்ல ஸ்டாஃப் அட்டர்னிக்கு என்ன வேலை?

ஒருத்தர் இறந்த பிறகு அவரோட உயில் செல்லுமா, சொத்து யாருக்குப் போகணும்னு பாக்குறதுதான் புரோபேட் கோர்ட், தானா முடிவெடுக்க முடியாதவங்களுக்கு கார்டியன் போடுறதும் பல மாநிலத்துல இங்கதான். ஸ்டாஃப் அட்டர்னிங்கறவர் அங்க கோர்ட் சம்பளத்துல ஜட்ஜுக்காக வேலை பாக்குற வக்கீல்.

ஏன் தேவைன்னா, இந்த மாதிரி கேஸ்ல பெரும்பாலும் எதிர்த்தரப்புன்னே ஒண்ணு இருக்காது, மனுவுல தப்பு இருந்தா சுட்டிக்காட்ட ஆள் இல்ல, சொத்துக்காரரும் உயிரோட இல்ல, அப்ப கோர்ட்டேதான் ஒருத்தர வச்சு பாத்தாகணும். கலிஃபோர்னியால விசாரணைக்கு குறைஞ்சது 15 நாள் முன்னாடி வாரிசுங்க எல்லாருக்கும் நோட்டீஸ் போயிருக்கணும், பேப்பர்ல 3 தடவ விளம்பரம் வந்திருக்கணும், இதெல்லாம் ஒண்ணொண்ணா செக் பண்ணி என்னென்ன குறைன்னு எழுதி ஜட்ஜுக்கு குடுப்பாங்க. வெளிய தெரியாத வேலைதான், ஆனா வாரிசு லிஸ்ட்ல பேர் விட்டுப்போன ஒரு மகளோட பங்க காப்பாத்துறது இதுதான். டாக்டர் பாக்குறதுக்கு முன்னாடி நர்ஸ் பிபி பாத்து, பழைய ரிப்போர்ட்ட அடுக்கி, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு குறிச்சு வைப்பாங்கள்ல, அதே மாதிரி.

நிறைய பேர் இவங்கள கோர்ட் நமக்கு குடுக்குற இலவச வக்கீல்னு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, உங்க பக்கம் நின்னு யோசனை சொல்ல அவங்களுக்கு அனுமதி கிடையாது, தீர்ப்பும் ஜட்ஜோடதுதான்.