மூன்று கோட்டேஷன், ஒரு கரப்பான்: யாரை வீட்டுக்குள் விடுவது?

சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "இரண்டு மாதமாகச் சமையலறையில் சின்னச் சின்னக் கரப்பான்கள். வீட்டில் தவழும் பிள்ளையும் ஒரு பூனையும் உண்டு. மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒருவர் தொலைபேசியிலேயே 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஒரு தடவை மருந்து அடித்தால் போதும் என்றார். இன்னொருவர் நேரில் வந்து பார்த்துவிட்டு, கரப்பான் தின்னும் ஜெல் மருந்து வைத்து, இரண்டு தடவை திரும்ப வந்து பார்க்க 220 வெள்ளி என்றார். மூன்றாமவர் தாமாகவே கதவைத் தட்டி வந்தவர். ஓராண்டு ஒப்பந்தம், 600 வெள்ளி. அவர் பேச்சில் மயங்கி நேற்று முன்தினம் கையெழுத்துப் போட்டு 100 வெள்ளி முன்பணமும் கொடுத்துவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா?"

முதலில் அவசரமான விஷயம். நீங்கள் கூப்பிடாமல் வீடு தேடி வந்து விற்ற ஒப்பந்தத்தை, சனி, ஞாயிறு, பொது விடுமுறை நீங்கலாக 5 நாள்களுக்குள் ரத்து செய்ய சிங்கப்பூரின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள், எழுத்தில் இன்றே அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் தர இழுத்தடித்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம்.

சரி, இப்போது கரப்பானுக்கு வருவோம். இதைத் தெரிந்துகொண்டால் மூன்று கோட்டேஷன்களில் எது தேறும் என்று உங்களுக்கே புரிந்துவிடும். சின்னது, பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கரும்பட்டைகள் என்றால் அது ஜெர்மன் கரப்பான். கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக இருக்கும் பெரியது, சாக்கடையிலிருந்தும், மாடி வீடுகளின் குப்பை விழும் குப்பைக் குழாயிலிருந்தும் வரும் விருந்தாளி. சின்னது அப்படியில்லை, உங்கள் வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் பக்கம், அலமாரிக் கதவின் கீல், மின்சார சோற்றுப் பானையின் அடிப்பாகம், நம் வீடுகளில் கிரைண்டரின் அடியிலும்கூட. சூடும் ஈரமும் இருட்டும் சேர்ந்த இடம்தான் அதற்குப் பிடிக்கும். பெரும்பாலும் கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியிலோ யாரோ கொடுத்த பழைய மின்சாதனத்திலோ ஒளிந்து வந்து சேர்ந்திருக்கும். வீடு அசுத்தம் என்று யாராவது சொன்னால் வருத்தப்படாதீர்கள்.

பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டை, பொரிக்கும் நேரம் வரை வாலில் சுமந்துகொண்டே திரியும். அந்தக் கூட்டுக்குள் மருந்து இறங்காது. இன்று அடித்தால் வெளியே ஓடுவது சாகும். மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் வரிசையாக வரும். "ஒரு தடவை போதும்" என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஜெல் வேறு விதம். கடுகைவிடச் சற்றுப் பெரிய பொட்டுகளாக இடுக்குகளில் வைப்பார்கள். தின்ற கரப்பான் மறைவிடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். ஆனால் ஜெல் வைத்த இடத்தைச் சுற்றி யாராவது ஸ்ப்ரே அடித்தால், அந்த நெடிக்குக் கரப்பான் ஜெல்லை நெருங்காது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே அலமாரியில் செய்துவிட்டுப் போன ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். காசு இரண்டு பக்கமும் வீண்.

அதனால் என் ஓட்டு 220 வெள்ளிக்காரருக்கு. அவர் குனிந்து பார்த்தார் என்பதுதான் காரணம். எந்தப் பூச்சி என்று பார்க்காமல் தொலைபேசியில் விலை சொல்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். ஆனாலும் சம்மதிக்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். கொசு, கரப்பான், எலி போன்ற நோய் பரப்பும் உயிரிகளை ஒழிக்கும் நிறுவனம் தேசியச் சுற்றுப்புற வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இது 1998 முதல் இருக்கும் சட்டம். பட்டியல் வாரியத்தின் இணையத்தளத்திலேயே உண்டு. வருகிற டெக்னீஷியனுக்கும் உரிமம் வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். எந்த மருந்து, அதன் மூலப்பொருள் என்ன என்பதைக் கோட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "மூலிகை மருந்துதான்மா, ஒன்றும் ஆகாது" என்று சிரிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது.

உத்தரவாதம் என்ற சொல்லையும் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். திரும்ப வந்து இலவசமாகச் செய்வார்களா, பணம் தருவார்களா, எத்தனை நாள்? அப்புறம், வேலைக்கு முன்னும் பின்னும் ஒட்டுப்பொறி வைத்து எண்ணிக்கை காட்டுவீர்களா என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்தால் தொழில் தெரிந்தவர்.

பூனையைப் பற்றி அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதி உண்டு, மறைக்கத் தேவையில்லை. பெர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகள் பூனைக்கு ஆகாது, மீன்தொட்டி இருந்தால் மீனுக்கும் ஆகாது. ஜெல்லைப் பிள்ளையின் கையோ பூனையின் நாக்கோ எட்டாத கீல்களுக்குள் வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஓராண்டு ஒப்பந்தம் உணவுக்கடைக்குச் சரி. ஒரு சமையலறைக் கரப்பானுக்கு இரண்டு மூன்று வருகை போதும். பெரிய கரப்பான்களும் வருகின்றன என்றால், கட்டடத்தின் குப்பைக் குழாய் நகர மன்றத்தின் பொறுப்பு. அதற்கு உங்கள் பையிலிருந்து காசு கொடுக்காதீர்கள். 1989க்கு முந்தைய கட்டடமாக இருந்தால் குழாயின் வாய் உங்கள் சமையலறைக்குள்ளேயே இருக்கும். அதன் மூடி இறுக்கமாக மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அவர்கள் வரும்வரை கையிலிருக்கும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். இன்றிரவு விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து, டார்ச்சோடு சமையலறைக்குப் போய், எந்த இடுக்கிலிருந்து ஓடுகின்றன என்று குறித்து வையுங்கள். டெக்னீஷியனுக்கு அதைவிட நல்ல உதவி கிடையாது.