18446744073709551615

அன்புள்ள ஐயா,

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு என்று 64 கட்டமும் இரட்டித்துப் போகும் கதையை எட்டாவது படிக்கும் மகளுக்குச் சொன்னேன். மொத்தம் எவ்வளவு என்றாள். கால்குலேட்டர் முழுசாகக் காட்டவில்லை. 18-க்குப் பின்னால் 18 சைபர் என்று சொல்லிவைத்தேன். கதை உண்மையா? இவ்வளவு பெரிய எண்ணால் என்ன பயன்?

ச.

அன்புள்ள ச.,

13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் என்ற அரபு நூலாசிரியர் இதை எழுதிவைத்திருக்கிறார். கதையாகவே இருக்கட்டும். பயனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆனால் குழந்தை கேட்டது மொத்தம் எவ்வளவு என்று. நீங்கள் கொடுத்தது வேறு எண். 4,467 கோடி கோடி மணிகளைக் கீழே கொட்டிவிட்டீர்கள், அதுகூடப் பெரிதில்லை. உங்கள் 18-ஐயும் சைபர்களையும் உடைத்துப் பாருங்கள்: 2, 3, 5 தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. அசல் எண்ணை உடைத்தால் 3, 5, 17, 257, 641, 65537, 6700417. ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. தோராயமாக்கிய கணமே இவ்வளவும் போய்விட்டது.

உங்கள் மகளுக்கே இது எட்டும். 64 இரண்டுகளின் பெருக்கலில் ஒன்று குறைவு, அதுதான் இந்த எண். வர்க்கங்களின் வித்தியாசம் படித்திருப்பாள். 4294967295 பெருக்கல் 4294967297 என்று இரண்டாகப் பிரியும். முதல் பாதியை அதே வழியில் பிரித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 வந்து நிற்கும். இந்த வரிசையில் அடுத்தது 4294967297. அதுவும் பகா எண்தான் என்று 1640-இல் பெர்மா என்ற கணிதர் நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணிதர் அதை உடைத்தார். அதை வகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும் என்று காட்டினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே மீதியில்லாமல் வகுபடுகிறது! ஒரே ஒரு மணி கூடக்குறைய இருந்தால் இது நடக்காது.

சின்ன வயதில் கோடை விடுமுறையில் காலண்டர் தாள்களின் பின்புறம் 64 கட்டத்தையும் நான் எழுதினேன். தாத்தா நெல் மண்டியில் கணக்கெழுதியவர். பெருக்கிப் பார்க்காமல், ஒவ்வொரு வரியிலும் இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே வந்தார். 1, 2, 4, 8, 7, 5, மறுபடி 1, 2, 4, 8, 7, 5. நாற்பத்தியொன்றாம் கட்டத்தில் 7 வர வேண்டிய இடத்தில் 6 வந்தது. பென்சிலால் ஒரு கோடு போட்டார். "மிச்சத்தை விட்டுட்டே, இங்கேர்ந்து எழுது" என்றார். எழுதினேன், 24 வரி.

கால்குலேட்டரை உள்ளே வைத்துவிட்டு, 6700417-ஐ 641-ஆல் பெருக்கச் சொல்லுங்கள் அவளை. அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு.