ஒரு தேசியக் கலை நிறுவனத்தின் தலைவர் கலைஞராகத்தான் இருக்க வேண்டுமா, நிர்வாகம் தெரிந்தவர் போதாதா?

தலைப்பில் இருப்பதுதான் கேள்வி. கீழே நீங்கள் சேர்த்திருக்கும் வரியில், "எங்கள் நிறுவனத்துக்கு ஆடவும் பாடவும் தெரியாத ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அங்கே படிக்கிற மாணவி என்று எடுத்துக்கொள்கிறேன். இருபது வயது இருக்கும். கோபத்தில் இருக்கிறீர்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

நான் ஆடியவள் இல்லை, பாடியவளும் இல்லை. மத்திய அரசின் மானியத்தில் நடக்கும் ஒரு கலை நிறுவனத்தில் 29 வருடம் கணக்குப் பிரிவில் இருந்து, கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றேன். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. கீழே பெயர் சொல்லி எழுதியிருக்கும் இடங்கள் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை, அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு எழுதியவளுக்குக் கலை நிறுவனத்தின் தலைமை பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்பார்கள். ஒரு தலைவர் எதை மதிக்கிறார் என்பது அவர் குத்துவிளக்கு ஏற்றிப் பேசும்போது தெரியாது. எந்த பில்லை அன்றைக்கே பாஸ் செய்கிறார், எதை மூன்று மாதம் மேஜையில் வைத்திருக்கிறார் என்பதில் தெரிந்துவிடும். ஆறு தலைவர்களின் பில்கள் என் கை வழியாகப் போயிருக்கின்றன.

எங்கள் நிறுவனத்தில் ஒரு பழைய நடன வகுப்பறை இருந்தது. மரப்பலகைத் தளம். பலகைக்கு அடியில் ஓர் அடி உயரத்துக்குக் காலி இடம் விட்டுச் சட்டம் அடித்திருப்பார்கள். முப்பது பிள்ளைகள் ஒன்றாகத் தட்டடவு, அதாவது காலைத் தரையில் தட்டிப் பழகும் முதல் பாடம், போட்டால் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் எங்களுக்கு அந்தச் சத்தம் மத்தளம் மாதிரி கேட்கும். காலையில் நான் லெட்ஜரைத் திறப்பதே அந்தச் சத்தத்தில்தான். ஒரு வருடம் மழையில் சுவர் ஓரப் பலகைகளில் கரையான் பிடித்துவிட்டது.

அப்போது இருந்த தலைவர் நிர்வாகத்திலிருந்து வந்தவர். அவரைப் பற்றித் தப்பாக எழுத எனக்கு மனசு வராது. காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் இருப்பார். எங்கள் தற்காலிக ஊழியர்கள் பதினொரு பேரை நிரந்தரமாக்கியது அவர்தான். டெல்லிக்கு எத்தனை கடிதம் போட்டார் என்று எனக்குத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் இணைப்பைத் தயார் செய்தவள் நான். ஆனால் கரையான் விஷயத்தில், பலகையை எல்லாம் எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டு மேலே வழவழப்பான டைல்ஸ் பதிக்கச் சொன்னார். மார்ச் 31-க்குள் மானியத்தைச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப வேண்டும், டைல்ஸ் வேலை சீக்கிரம் முடியும். மூன்று கொட்டேஷன், குறைந்த விலை, எல்லாம் விதிப்படி. கோப்பில் ஒரு சின்னப் பிழைகூடக் கிடையாது.

ஏப்ரலில் வகுப்பு தொடங்கியது. ஜூலையிலிருந்து எனக்கு வேறு மாதிரி பில்கள் வர ஆரம்பித்தன. விடுதி மாணவிகளின் மருத்துவச் செலவு. முன்னெல்லாம் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பல்வலி என்றுதான் வரும். அந்த வருடம் எக்ஸ்ரே, பிசியோதெரபி, வலி ஸ்பிரே, முழங்காலுக்குப் போடும் பட்டை. ஒரே மாதத்தில் ஒன்பது பில். கேரளத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண், பத்தொன்பது வயது, பில்லைக் கொடுக்க மாடிப்படி ஏறி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். "என்னம்மா ஆச்சு?" என்றேன். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் காட்டினாள். தொட்டாலே வலிக்கிறது என்றாள். "பலகையில ஆடும்போது தரை கொஞ்சம் வாங்கிக்கும் மேடம். இது திருப்பி அடிக்குது." இத்தனை வருடம் ஆகியும் அந்தப் பிள்ளை சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது.

ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை காலைத் தட்டுகிறது என்று யோசித்துப் பாருங்கள். முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், நாலைந்து மணி நேரம். அந்த அடி எல்லாம் டைல்ஸில் விழுந்து நேராக எலும்புக்குத் திரும்பி வருகிறது. இது ஆடுகிற எல்லாருக்கும் தெரிந்த விஷயம். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். நடன ஆசிரியைகளும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேர் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், எப்படித் திறப்பார்கள்?

நான் ஒரு குறிப்பு எழுதி, அந்த ஒன்பது பில்லின் நகலையும் வைத்து மேலே அனுப்பினேன். தலைவர் கூப்பிட்டார். "தரை தரைதானேம்மா. உங்க வேலை பில் பாஸ் பண்றது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அவர் மாற்றலாகிப் போனதும் வந்தவர் நடனக் கலைஞர். எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வந்த இரண்டாவது நாள் வகுப்பறைக்குப் போனார். நான் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவள் வாசலில் நின்றுவிட்டேன். செருப்பைக் கழற்றினார், புடவையை இழுத்துச் செருகினார், முதல் தட்டடவை முதல் காலத்தில் போட்டார். இரண்டாம் காலம். மூன்றாம் காலத்தில் நாலு தட்டு தட்டியிருப்பார், நிறுத்திவிட்டார். குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். அப்புறம் திரும்பி, "இதுலயா ஆடுறீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் பதில் சொல்லவில்லை. ஒருத்தி அழுதாள். அன்று மாலையே தச்சரைக் கூப்பிட்டுவிட்டார். ஆறு வாரத்தில் டைல்ஸுக்கு மேலே சட்டம் அடித்துப் பலகை வந்துவிட்டது.

இங்கே நிறுத்தினால், கலைஞர்தான் தலைவராக வேண்டும் என்று நான் சொல்வதாக ஆகிவிடும். மிச்சத்தையும் கேளுங்கள்.

அக்கா ஒரு கோப்பும் போடவில்லை. கொட்டேஷன் கிடையாது, நிதிக் குழுவின் ஒப்புதல் கிடையாது. "பிள்ளைங்க கால் போகுது, கமிட்டி கூடுற வரைக்கும் காத்திருக்கணுமா?" என்றார். நியாயம்தான். ஆனால் தச்சர் பில்லோடு நிற்கிறார், நான் எதை வைத்துப் பணம் கொடுப்பேன்? ஏழு மாதம் அந்த மனுஷனை அலைய விட்டோம். தணிக்கைக்கு வந்தவர்கள், போட்டு ஒன்றரை வருடம்கூட ஆகாத தளத்தின்மேல் இன்னொரு தளம் ஏன் என்று கேட்டு அறிக்கையில் ஆட்சேபமாக ஒரு பத்தி எழுதிவிட்டுப் போனார்கள். அதற்கு விளக்கம் எழுதியது நான். என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதே காலத்தில், ஓய்வுபெற்ற மிருதங்க வாசிப்பாளர் ஒருவரின் பென்ஷன் தாள் அக்காவின் கையெழுத்துக்காக நாலு மாதம் கிடந்தது. ஊர் ஊராக நிகழ்ச்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் தினமும் பதினொரு மணிக்கு வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஆக, ஆடத் தெரிவது மட்டும் போதாது. ஆனால் தலைவருக்குத் தெரியாததைத் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், அவர் சொன்னால் தலைவர் கேட்கவும் வேண்டும். இது நடந்த இடங்கள் உண்டு.

ருக்மிணி தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-ல் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்ரா என்ற நடன, இசைப் பள்ளியை ஆரம்பித்தபோது அவரும் நடனம் கற்றுக்கொண்டிருந்தவர்தான். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-ல்தான் முதன்முதலில் மேடை ஏறியிருந்தார். இசைக்கு டைகர் வரதாச்சாரியாரையும் பாபநாசம் சிவனையும் கொண்டுவந்தார். இராமாயணத்தை நாட்டிய நாடகமாகப் போட நினைத்தபோது மைசூர் வாசுதேவாச்சாரியாரை இசையமைக்க வைத்தார். அவருக்கு அப்போது தொண்ணூறை நெருங்கிய வயது. அந்தப் பெரியவர் மறைந்த பிறகு மிச்சமிருந்த பகுதிகளை முடித்தவர் அவருடைய பேரன் எஸ். ராஜாராம், பின்னாளில் அவரே அங்கே இயக்குநராகவும் இருந்தார். தன்னைவிடப் பெரிய வித்வான்களைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள ஒரு தெம்பு வேண்டும். சின்ன மனசுக்காரர்கள் அதைச் செய்யவே மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

ருக்மிணி தேவியைச் சொல்பவர்கள் சங்கர மேனனைச் சொல்வதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பல பத்தாண்டுகள் கூடவே நின்று கல்வியையும் நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டவர் அவர். மாணவர்கள் 'அத்தை' என்று அழைத்த ருக்மிணி தேவி 1986-ல் மறைந்தபின் பொறுப்பை ஏற்றதும் அவர்தான். 1993-ஆம் வருடச் சட்டத்தால் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. அதற்கப்புறம் நிர்வாக வாரியம், கல்விக் குழு, நிதிக் குழு, மத்திய அரசு நியமிக்கும் இயக்குநர் என்று எல்லாம் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. இவர் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுத முடியும்?

இன்னொன்று. இசை, நடனம், நாடகத்துக்கான மத்திய அரசின் அமைப்பான சங்கீத நாடக அகாதெமி 1953-ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? பி.வி. ராஜமன்னார், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. பின்னால் மத்திய, மாநில உறவுகள் பற்றி முதல்வர் கருணாநிதி அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தாரே, அவரேதான். நீதிபதிக்கும் நாடகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். அவர் தெலுங்கில் நாடகங்கள் எழுதியவர். தேசிய நாடகப் பள்ளிக்கு 1962-லிருந்து 1977 வரை பதினைந்து வருடம் இயக்குநராக இருந்த இப்ராகிம் அல்காஜி முழுக்க முழுக்க நாடகக்காரர். ஒரு பள்ளிக்குப் பாடத்திட்டமும் ஒழுங்கும் அமைத்துத் தந்தவர் என்றுதான் இன்றும் அவரைச் சொல்கிறார்கள். அதிகாரி, கலைஞர் என்று கோடு கிழித்தால் இவர்களை எந்தப் பக்கம் வைப்பது? பதினைந்து வருடம் என்பதையும் கவனியுங்கள். எங்களுக்கு வந்த ஆறு பேரில் ஒருவர்கூட ஐந்து வருடத்தைத் தாண்டவில்லை. கட்டடத்தில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும். யாரைப் போடுகிறார்கள் என்பதைவிட இதுதான் பெரிய கேடு என்பேன்.

இதோடு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை, நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. என் தம்பி பெண் வெளியில் ஒரு தனியார் வகுப்பில் பத்து வருடம் பரதம் கற்றாள். அரங்கேற்றம் என்று வந்தபோது மண்டபம், பக்கவாத்தியம், உடை, வீடியோ, குருதட்சிணை, வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு என்று சொல்லி மூன்றரை லட்சம் கேட்டார்கள். தம்பி ஆட்டோ உதிரிபாகக் கடையில் வேலை பார்க்கிறான். தம்பி மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. அதில் மிருதங்கம் வாசித்தவருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று நானே விசாரித்தேன், சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். அழைப்பிதழில் அவர் பெயர்கூட இல்லை. மூன்று சிறப்பு விருந்தினர்களின் படம் மட்டும் பெரிதாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் அந்தப் பிள்ளையின் காலையே பார்த்து வாசித்தவருக்கு ஒரு வரி இடம் இல்லையா? நகை மீண்டுவர இரண்டு வருடம் ஆனது. அந்தப் பெண் இப்போது ஆடுவதில்லை.

சரி, உங்கள் விஷயம். ஆடத் தெரியாதவர் வந்திருக்கிறார் என்பதற்காக மட்டும் அவரை வெறுக்க வேண்டாம். அவருக்கு ஆறு மாதம் கொடுங்கள். வகுப்பறைக்கு வருகிறாரா, வந்தால் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறாரா, உள்ளே உட்காருகிறாரா என்று பாருங்கள். ஆசிரியர்களை அவர் அறைக்குக் கூப்பிடும்போது நாற்காலி போடுகிறாரா என்றும் பாருங்கள். எங்கள் தலைவருக்கு அந்த ஒன்பது பில்லைக் காட்டியபோது, கூடவே ஓர் ஆசிரியையையும் அந்தக் கேரளத்துப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். காகிதத்தில் அவருக்குப் புரியாதது அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தால் புரிந்திருக்கலாம். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

நான் ஓய்வுபெற்ற அன்றும் அந்தத் தணிக்கைப் பத்தி நிலுவையில்தான் இருந்தது. கோப்பை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது பிசியோதெரபி பில்களின் நகலை மேலேயே தெரியும்படி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். பலகை வந்த பிறகு அந்த மாதிரி பில் எத்தனை வந்தது என்ற கணக்கையும் கையால் எழுதி வைத்தேன். முதல் வருடம் இரண்டு. அதற்கடுத்த வருடம் ஒன்றும் இல்லை.

உங்கள் வகுப்பறையில் என்ன தரை என்று கீழே எழுதுங்கள். டைல்ஸ் அல்லது கிரானைட் என்றால், நாளைக்கே நாலு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுங்கள். தேதி போட்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை அடித்து நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.