பரீட்சையில் பரிணாமம் எழுதினால் பாவமா?

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் குரூப். போன மாதம் எங்கள் சபைக்கு வந்த ஒரு நற்செய்தி ஊழியர், ‘வேதம் நூற்றுக்கு நூறு விஞ்ஞானம், பரிணாமம் பிசாசின் பொய்’ என்று மூன்று நாள் கூட்டம் நடத்தினார். யோசுவா காலத்தில் தொலைந்த நாளை நாசா கம்ப்யூட்டர் கண்டுபிடித்ததாக ஒரு வீடியோவும் போட்டார். பையன் வீட்டுக்கு வந்து ‘எல்லாம் ரீல்’ என்கிறான். அப்பாவும் மகனும் பேசுவதே இல்லை. வேதத்தில் உள்ள விஞ்ஞானம் சரியா, தப்பா? பரீட்சையில் பரிணாமத்தை எழுதினால் பாவமா? அந்த ஊழியர் 2,500 ரூபாய்க்கு வகுப்பும் புத்தக செட்டும் தருகிறார், வாங்கலாமா?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். செட்டை வாங்காதீர்கள். பரீட்சையில் பாடப் புத்தகத்தில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள். டார்வின் என்ன சொன்னார் என்று கேட்டால் டார்வின் சொன்னதை எழுதுவது பொய்ச்சாட்சி ஆகாது. விடைத்தாள் திருத்துகிறவர் உங்கள் மகனிடம் விசுவாச அறிக்கை கேட்கவில்லை.

இனி முதல் கேள்வி. நான் இயற்பியல் படித்துவிட்டு, பிறகு இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தப் போனவன். வேதத்தில் விஞ்ஞானம் சரியா தப்பா என்பதே அந்த ஊழியர் உங்கள் வாயில் போட்ட கேள்வி. கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொண்டு பஸ் நேரம் தேடினால் பத்திரிகை மேல் குற்றமா?

ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெளிச்சம் முதல் நாள் வருகிறது, சூரியன் நான்காம் நாள்தான். பயிர் பச்சைகள் அதற்கும் முந்தி மூன்றாம் நாளே முளைத்துவிடுகின்றன. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், மிருகங்கள் பிறகு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்களுக்குப் படிக்கத் தெரியாமலா வைத்தார்கள்? எந்த வரிசையில் உண்டானது என்பது அவர்கள் கவலையில்லை. சுற்றிலும் இருந்த பாபிலோனியர் சூரியனையும் சந்திரனையும் தெய்வமாகக் கும்பிட்டார்கள். அவர்கள் நடுவில் நின்று, ‘நீங்கள் கும்பிடுகிறவை எங்கள் கர்த்தர் ஏற்றி வைத்த இரண்டு சுடர்கள்’ என்று சொல்வதுதான் அந்த அதிகாரத்தின் வேலை. அதில் ஒளியின் வேகத்தைத் தேடுகிறவர் வேதத்தை உயர்த்தவில்லை.

நாசா வீடியோவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பிடிபட்டுவிடும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் என்ஜின் கம்பெனி ஒன்றுக்குத் தலைவராக இருந்த ஹரால்ட் ஹில் என்பவர் இதைப் பரப்பினார். மேரிலாந்தில் உள்ள நாசா மையத்தில் கிரகங்களின் பாதையைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார்களாம். கணக்கில் ஒரு நாள் குறைந்ததாம். யோசுவா பத்தாம் அதிகாரத்தில் சூரியன் நின்றதில் 23 மணி 20 நிமிடம் கிடைத்ததாம். மிச்சம் 40 நிமிடம்? 2 இராஜாக்கள் 20-இல் யூதாவின் எசேக்கியா ராஜாவுக்காக நிழல் பத்துப் பாகை பின்னால் போனதே, அதுதானாம். இப்படி எதுவும் நடக்கவில்லை என்று நாசாவே மறுத்துவிட்டது. நாசா என்ற ஒன்று உண்டாவதற்கு முன்பே, 1890-இல், யேல் பல்கலைக்கழகத்தில் ராணுவப் பாடம் நடத்திய டாட்டன் என்பவர் இதே கணக்கைப் புத்தகமாகவே போட்டுவிட்டார்! நாசாவும் கம்ப்யூட்டரும் பின்னால் ஒட்டியவை.

நாசா மறுக்காவிட்டாலும் இது நடக்காது. கிரகங்கள் இன்று இருக்கும் இடத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால், கம்ப்யூட்டர் ‘அன்று இங்கே இருந்திருக்கும்’ என்று சொல்லும், அவ்வளவுதான். ஒரு நாள் குறைகிறது என்று தெரிய வேண்டுமானால், யோசுவாவுக்கு முந்திய யாராவது ‘இன்ன நாள், இன்ன நேரம், கிரகணம் இந்த இடத்தில்’ என்று நாள் எண்ணி எழுதி வைத்திருக்க வேண்டும். ஒப்பிட அப்படி ஒரு குறிப்பு இல்லாமல் எதிலிருந்து எதைக் கழித்தார்கள்? உங்கள் மகன் ரீல் என்று சொன்னது இதைத்தான். பையனைத் திட்டாதீர்கள்.

இந்த வியாபாரிகளின் இன்னொரு கைங்கரியம், வசனம் பொறுக்குவது. யோபு 26:7-இல் பூமியை அந்தரத்திலே தொங்கவைக்கிறார் என்று இருக்கிறது. உடனே, ‘பார்த்தீர்களா, விண்வெளியை மூவாயிரம் வருடம் முன்பே சொன்னார்கள்’ என்று கைதட்டல். அதே யோபு 9:6-இல் பூமியின் தூண்கள் அதிருகின்றன. 1 சாமுவேல் 2:8-இல் பூமிக்கு அஸ்திபாரங்கள் இருக்கின்றன. இவை ஸ்லைடில் வராது. இன்னொன்றையும் கவனியுங்கள்: வசனத்தைப் படித்து ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, பிறகு மற்றவர்கள் சோதித்துச் சரி என்றார்கள் என உறுதியான சான்றோடு ஒன்றையும் இவர்கள் காட்டுவதில்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த பிறகுதான் ‘எங்கள் புத்தகத்தில் அப்போதே இருக்கிறது’ என்று வருவார்கள். எல்லா மதத்திலும் இந்தத் தொழில் நன்றாக நடக்கிறது.

பூமிக்கு ஆறாயிரம் வயது என்றும் சொல்லியிருப்பார். அந்தக் கணக்கு அயர்லாந்துப் பேராயர் அஷர் 1650-இல் வம்சவரலாறுகளைக் கூட்டிப் போட்டது. படைப்பு கி.மு. 4004 என்றார். பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சடித்தார்கள். ஓரத்தில் இருந்தது ஜனங்கள் மனதில் வசனமாகிவிட்டது. பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். சென்னைப் பக்கம் போனால் பரங்கிமலை ஏறுங்கள். தோமா இரத்தசாட்சியாக மரித்த இடம் என்று நாம் ஜெபிக்கப் போகும் அந்தக் குன்றின் கருநீலக் கல், சார்னோக்கைட், சுமார் 250 கோடி ஆண்டு பழசு. அதன் மேல் முழங்காலில் நிற்க யாருக்கும் தடையில்லை.

‘பெருவெடிப்புதான் ஆதியிலே தேவன் என்ற வசனம்’ என்று இனிப்புத் தடவித் தருகிறவர்களிடமும் ஜாக்கிரதை. அந்தக் கொள்கைக்கு அடிபோட்டவர்களில் ஒருவரான லெமேத்ர் பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்போடு சேர்த்துப் பேசியபோது, சந்தோஷப்படாமல் சங்கடப்பட்டவர் அவர்தான். விஞ்ஞானக் கொள்கை நாளை மாறலாம், விசுவாசத்தை அதில் கொண்டுபோய்க் கட்டாதீர்கள் என்பது அவர் நிலை.

அப்படியானால் வேதத்தில் சோதித்துப் பார்க்க எதுவுமே இல்லையா? இருக்கிறது. அந்த ஊழியர் 40 நிமிடம் திருடிய அதே அதிகாரத்தில், நிழல் பின்வாங்கிய பதினோராம் வசனத்துக்கு ஒன்பது வசனம் தள்ளி, எசேக்கியா வாய்க்கால் வெட்டி நகரத்துக்குள் தண்ணீர் வரப்பண்ணினான் என்று ஒரு வரி. வாய்க்கால் இன்றும் எருசலேமில் இருக்கிறது. மலைப் பாறைக்குள் 533 மீட்டர் சுரங்கம், வளைந்து வளைந்து போகும், முழங்கால் தண்ணீரில் உள்ளே நடக்கலாம். 1880-இல் அதன் சுவரில் ஆறு வரிக் கல்வெட்டு கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் வெட்டிக்கொண்டு வந்த ஆட்கள், இன்னும் மூன்று முழம் பாக்கி இருக்கும்போது மறுபக்கத்துக்காரன் கூப்பிடும் குரலைக் கேட்டார்கள், கோடாலிக்கு எதிரே கோடாலி வந்தது, தண்ணீர் 1,200 முழம் ஓடியது என்கிறது. ராஜாவின் பெயர் அதில் இல்லை. அதனால் சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2003-இல் சுண்ணாம்புப் பூச்சுக்குள் சிக்கியிருந்த செடித் துணுக்குகளையும் கூரையில் வளர்ந்த சுண்ணக்கல் படிவையும் ஆய்வு செய்து காலம் கணித்தார்கள். எசேக்கியா காலத்தோடு, ஏறக்குறைய கி.மு. 700 உடன், பொருந்தி வந்தது.

இந்த வாய்க்காலே அசீரிய ராஜா சனகெரிப் படையெடுத்து வந்தால் முற்றுகையில் தண்ணீர் வேண்டும் என்று வெட்டியதுதான். அவனும் களிமண் பட்டகத்தில் தன் பக்கத்தை எழுதி வைத்திருக்கிறான், லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்க்கலாம். யூதாவின் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்கிறான். எருசலேமைப் பிடித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கப்பம் தங்கம் 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) என்று அவனும் சொல்கிறான், வேதமும் சொல்கிறது. வெள்ளி? வேதத்தில் 300, அவனிடம் 800. தேவதூதன் அசீரியர் 1,85,000 பேரைச் சங்கரித்ததைப் பற்றிப் பட்டகத்தில் பேச்சே இல்லை. சரித்திரச் சோதனை இப்படித்தான் இருக்கும்: ஒன்று பொருந்தும், ஒன்று முரண்படும், ஒன்றைப் பற்றி மறுபக்கம் வாய் திறக்காது. நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால், அவர் பட்டகத்தைப் படித்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் புதுச் சரக்கா? நம் இறையியல் கல்லூரிகளில் பி.டி. என்ற இறையியல் பட்டம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். பாபிலோனியப் படைப்புக் கதையையும் ஆதியாகமத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரீட்சை எழுதி மார்க்கும் வாங்குகிறார்கள். குருப்பட்டம் வாங்கிப் பிரசங்க பீடத்தில் ஏறியதும் எல்லாம் மறந்துபோகிறது. கேட்டால், ‘ஜனங்கள் விசுவாசத்தில் இடறுவார்கள்’ என்பார்கள். இடறினது யார்? உங்கள் பையன். குருவானவர் வாய் மூடிக்கொண்ட இடத்தில்தான் 2,500 ரூபாய் செட் நுழைகிறது. சபைக் கமிட்டியும் கூட்டத்துக்கு ஆள் சேர்ந்தால் போதும் என்று, பேச வருகிறவர் என்ன படித்தார், ‘டாக்டர்’ பட்டம் எங்கே வாங்கினார் என்று விசாரிப்பதில்லை. நோட்டீசில் டாக்டர் என்று போட்டிருந்தால் எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம், எந்த ஆண்டு என்று நீங்களே கேளுங்கள். கோபப்பட்டால் பதில் கிடைத்துவிட்டது.

பையனும் யூடியூபில் எதிர்ப்பக்கக் கடைக்குப் போயிருப்பான். முயல் அசைபோடும் என்கிறது லேவியராகமம், வௌவாலைப் பறவையோடு சேர்க்கிறது, அதனால் வேதமே குப்பை என்பார்கள். அதுவும் அதே பத்திரிகையில் பஸ் நேரம் தேடும் வேலைதான். ஒரு வரியில் விட்டுவிடுங்கள்.

அப்பாவையும் மகனையும் ஒரு சாயங்காலம் 2 இராஜாக்கள் 18 முதல் 20 வரை சேர்ந்து வாசிக்க வையுங்கள். பையன் போனில் அந்தச் சுரங்கத்தின் படத்தைத் தேடிக் காட்டட்டும். அந்த நேரத்தில் பரிணாமப் பேச்சை எடுக்காதீர்கள், பொதுத்தேர்வு முடியட்டும்.

பணம் கட்டிவிட்டீர்களானால், டிரஸ்ட் பெயரும் பான் எண்ணும் போட்ட ரசீது கேளுங்கள். தனி ஆளின் ஜிபே நம்பருக்கு அனுப்பியிருந்தால் அந்த ஸ்கிரீன்ஷாட்டைச் சபைச் செயலாளரிடம் கொடுங்கள். கூட்டத்துக்கு அனுமதி கொடுத்தது கமிட்டி, பணத்தை வாங்கித் தர வேண்டியதும் அவர்கள்தான். ‘காணிக்கையைத் திருப்பிக் கேட்பதா?’ என்று யாராவது முகம் சுளித்தால், நீங்கள் கொடுத்தது புத்தகத்துக்கான விலை, காணிக்கைப் பையில் போட்டது வேறு என்று சொல்லிவிடுங்கள்.