பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதா?

முடி கொட்டுகிறது, முகம் உப்பிவிட்டது, முட்டி வலிக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். தோசை வார்க்கும்போது வலது கையிலிருந்த கரண்டி நழுவியது, மகளைக் கூப்பிட நாக்கு எழவில்லை, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. கடலூர் வாசகியே, எனக்கு அந்த வரிதான் முக்கியம். அச்சில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன்.

அது அசதி இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் சற்று நேரம் தடைபட்டு மீண்டிருக்கலாம். இப்படி வந்து போன பிறகு, அடுத்த சில நாட்களிலேயே பெரிய பக்கவாதம் வருவதுண்டு. 32 வயதில் பக்கவாதமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு இருக்கும் தகாயாசு நோயில் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்குகின்றன. இளம்பெண்களுக்குத்தான் இது அதிகம். இடது கையில் நாடி கிடைக்காததும் இதனால்தான். அந்தக் கைக்குப் போகும் கிளைக்குப் பக்கத்துக் கிளைதான் கழுத்து வழியாக மூளைக்குப் போகிறது.

இந்த நிலையில், ஏதோ வீடியோவைப் பார்த்து, இந்த அழற்சியை அடக்கத் தந்த ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே பாதியாக்கியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. திடீரென்று குறைத்தால் அழற்சி மறுபடி கிளம்பும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டும் உடனே சுரக்காது. முகம் உப்புவது இந்த மாத்திரையால்தான்; மருத்துவர் அளவைக் குறைக்கும்போது தானே வடியும். அந்த அளவை மெல்லக் குறைக்க உதவும் வேறு மருந்துகள் உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கென்றே நோய் எதிர்ப்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே கேளுங்கள். முடி, முட்டி எல்லாம் அப்புறம்.

மருந்துக் கடையில் பி.பி. 'நார்மல்' என்றார்களாம். எந்தக் கையில் பார்த்தார்கள்? நாடி இல்லாத கையில் பி.பி. குறைவாகத்தான் காட்டும். வலது கையில் பார்க்கச் சொல்லுங்கள்.

மகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள். அம்மாவுக்கு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஆரம்பித்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி.